பாய் விரித்த நாட்கள் – 4: சுக்கானைப் பறித்த கடல்

சென்ற வாரம் கதையை ஷாங்காயில் நிறுத்தியிருந்தோம். 1872 ஜூன் மாதம். அந்த ஆண்டின் புதுத் தேயிலையை வயிறு நிறைய ஏற்றிக்கொண்டு இரண்டு கப்பல்கள் புறப்படக் காத்திருந்தன.

ஒன்று 'தெர்மோபிலே'. 1868-ல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் கட்டப்பட்டது. பச்சை வண்ண உடல். பாய்மர உச்சியில் தங்க முலாம் பூசிய சேவல். முதல் பயணத்திலேயே லண்டனிலிருந்து மெல்போர்னை 63 நாட்களில் தொட்டு, கப்பல் உலகத்தையே அண்ணாந்து பார்க்க வைத்தது. அதன் தளத்தில் நின்றவர் கேப்டன் கெம்பால்.

இன்னொன்று நம் நாயகி 'கட்டி சார்க்'. அந்தத் தங்கச் சேவலின் கர்வத்தை அடக்கியே தீர வேண்டும் என்று ஜான் வில்லிஸ் பணத்தைக் கொட்டிக் கட்டிய கப்பல். அதன் தளத்தில் நின்றவர் கேப்டன் ஜார்ஜ் மூடி.

ஜூன் 18 அன்று இரண்டும் ஒன்றாகப் புறப்பட்டன. ஒரே துறைமுகம், ஒரே நாள், ஒரே சரக்கு, ஒரே இலக்கு: லண்டன். இருவரில் யார் வேகம் என்ற கேள்விக்கு நேருக்கு நேர் விடை சொல்லக்கூடிய போட்டி தேயிலைக் காலத்தில் இந்த ஒன்றுதான்.

விடை கிடைத்ததா?

இந்த வாரம்தான் தொடரில் சேர்ந்த வாசகர்களுக்காக இரண்டு செய்திகளைச் சொல்லிவிட்டுக் கடலில் இறங்குகிறேன்.

முதல் செய்தி, கப்பலைப் பற்றியது. 'கட்டி சார்க்' 1869 நவம்பர் 22 அன்று ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டனில் நீரில் இறக்கப்பட்டது. அதற்குச் சரியாக ஐந்து நாட்களுக்கு முன், நவம்பர் 17 அன்று, சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டிருந்தது. நீராவிக் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றாமல் குறுக்கே வர வழி பிறந்துவிட்டது. செங்கடலின் காற்றை நம்பிப் பாய்மரக் கப்பல் அந்த வழியில் வர முடியாது. ஆக, இந்தக் கப்பல் பிறந்தபோதே அதன் தொழிலுக்கு நாள் குறிக்கப்பட்டுவிட்டது. அந்த நாள் வருவதற்குள் ஒரு முறையாவது வென்று காட்ட வேண்டும் என்ற தவிப்பு 1872-ல் வில்லிஸுக்கு இருந்தது.

இரண்டாவது செய்தி, கேப்டனைப் பற்றியது. ஜார்ஜ் மூடி வில்லிஸின் இன்னொரு கப்பலான 'த ட்வீட்'டில் துணை அதிகாரியாக வளர்ந்தவர். அந்த 'ட்வீட்' நம் நாட்டில் பிறந்தது. பம்பாய்க் கப்பல் தளத்தில் வாடியா குடும்பத்துப் பார்சித் தச்சர்கள் தேக்கு மரத்தில் இழைத்த 'பஞ்சாப்' என்ற நீராவிப் போர்க்கப்பல் அது. வில்லிஸ் அதை வாங்கி, இயந்திரத்தைக் கழற்றி, பாய்மரக் கப்பலாக மாற்றினார். அதன் ஓட்டத்தில் மயங்கித்தான் 'கட்டி சார்க்'கின் உடலை வடிவமைக்கும்போது ஹெர்குலிஸ் லின்டனிடம் அதை முன்மாதிரியாகக் காட்டினார். புதுக் கப்பல் கட்டப்பட்ட நாட்களில் ஒவ்வொரு மரத்தையும் ஒவ்வொரு ஆணியையும் கேப்டன் மூடி கூடவே இருந்து பார்த்தார். தேறாத மரத்தைத் தள்ளச் சொன்னார். அந்தக் கப்பலின் எலும்பும் நரம்பும் அவருக்கு மனப்பாடம். ஏன் இதைச் சொல்கிறேன் என்பது சற்று நேரத்தில் புரியும்.

*

தென்சீனக் கடல் அவர்களை எளிதாக விடவில்லை. ஜூன், ஜூலையில் அங்கே தென்மேற்குப் பருவக்காற்று எதிர்முகமாக வீசும். எதிர்க்காற்றில் பாய்மரக் கப்பல் நேராகப் போக முடியாது. இடப்பக்கம் ஒரு வெட்டு, வலப்பக்கம் ஒரு வெட்டு என்று குறுக்கும் நெடுக்குமாகத்தான் முன்னேற வேண்டும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஆட்கள் கயிறுகளை இழுத்துப் பாய்களை மாற்றிக் கட்ட வேண்டும். வரைபடத்தில் குறிக்கப்படாத பவளப்பாறைகள் எங்கே இருக்கின்றன என்பது யாருக்கும் தெரியாது.

இந்த இழுபறியில் இரண்டு கப்பல்களும் ஒன்றை ஒன்று பலமுறை பார்த்துக்கொண்டன. ஒரு நாள் பச்சைக் கப்பல் முன்னால், மறுநாள் கறுப்புக் கப்பல் முன்னால். ஒரு மாதம் கழித்து, ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் இடையிலுள்ள சுந்தா நீரிணையைக் கடந்தபோதும் பெரிய இடைவெளி இல்லை.

அதன்பின் திறந்தவெளி. இந்தியப் பெருங்கடலின் தென்கிழக்குத் தடக்காற்று கப்பலின் முதுகில் கை வைத்துத் தள்ளத் தொடங்கியது. 'கட்டி சார்க்' எதற்காகக் கட்டப்பட்டதோ அந்தக் காற்று இதுதான். 212 அடி நீளமுள்ள மெல்லிய உடல். இரும்புச் சட்டத்தின் மீது மரப்பலகை. நீருக்கடியில் பாசியும் சிப்பியும் பிடிக்காமலிருக்க உலோகத் தகட்டுப் போர்வை. எல்லாப் பாய்களையும் விரித்தால் 32,000 சதுர அடித் துணி. அத்தனையும் காற்றில் விம்ம, கப்பல் பறந்தது.

ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் 'தெர்மோபிலே' அடிவானத்திலேயே இல்லை. சுமார் 400 மைல் பின்தங்கிவிட்டது.

இருபது நாட்களுக்கு முன் கண்ணில் பட்டுக்கொண்டிருந்த எதிரி, இப்போது ஒன்றரை நாள் பயணத் தொலைவுக்கு அப்பால். இனி நன்னம்பிக்கை முனையைச் சுற்றி அட்லான்டிக்கில் ஏறினால் போதும். வில்லிஸின் கனவு பலித்துவிடும்.

அப்போதுதான் மேற்கு வானம் இருண்டது.

*

தென்னாப்பிரிக்கக் கரைக்கு அப்பாலுள்ள கடலை அறிந்த மாலுமிகள் அதற்கு அஞ்சுவார்கள். கரையோரமாக ஒரு வேகமான நீரோட்டம் தென்மேற்கு நோக்கி ஓடுகிறது. எதிரிலிருந்து புயல் வீசும்போது அலைகள் அந்த நீரோட்டத்தில் மோதி, செங்குத்தாக எழுந்து, உடைந்து விழுகின்றன. குளிர்காலமான ஆகஸ்டில் புயல்கள் அடுத்தடுத்து வரும்.

நாள்கணக்கில் வீசிய புயல் ஆகஸ்ட் 15 அன்று உச்சத்தைத் தொட்டது. அதிகாலை. பின்னாலிருந்து பேரலை ஒன்று எழுந்து கப்பலின் அடிப்பகுதியில் அறைந்தது. சுக்கான் பிடித்திருந்தவரின் கையில் சக்கரம் திடீரென்று லேசானது. அது எதையும் திருப்பவில்லை.

சுக்கான் இல்லை. கடல் அதை அடியோடு பிய்த்துக்கொண்டு போய்விட்டது.

சுக்கான் போன பாய்மரக் கப்பலின் நிலையை நினைத்துப் பாருங்கள். பாய் கிழிந்தால் வேறு பாய் கட்டலாம். மரம் முறிந்தாலும் மிச்சத்தில் ஓட்டலாம். சுக்கான் போனால் கப்பல் அலைக்கு விலாவைக் காட்டித் திரும்பிவிடும். அந்த நிலையில் வரும் பெரிய அலை அதைப் பக்கவாட்டில் சாய்த்துவிடும். தேயிலை நிறைந்த கப்பல், முப்பதுக்கும் குறைவான ஆட்கள், சுற்றிலும் மலைபோல் நீர்.

கேப்டன் மூடி முதலில் ஒரு மரத்துண்டைக் கயிற்றில் கட்டிக் கப்பலுக்குப் பின்னால் இழுக்கவிட்டுப் பார்த்தார். அதை இப்படியும் அப்படியும் இழுத்துக் கப்பலைத் திருப்பலாம் என்பது பழைய உத்தி. இவ்வளவு பெரிய கப்பலுக்கும் இவ்வளவு சீறும் கடலுக்கும் அது போதவில்லை. பாய்களைக் குறைத்து, முகத்தைக் காற்றுப் பக்கமாக வைத்து, கப்பலை ஒரே இடத்தில் தள்ளாட விட்டார்.

எங்கோ பின்னால் 'தெர்மோபிலே' வந்துகொண்டிருந்தது.

அப்போது தளத்தில் ஒரு குரல் உயர்ந்தது. அது கடலைவிடப் பெரிய தொல்லையாக மாறியது.

*

அந்தப் பயணத்தில் ராபர்ட் வில்லிஸ் என்பவரும் வந்துகொண்டிருந்தார். முதலாளி ஜான் வில்லிஸின் தம்பி. கப்பலில் அவருக்கும் பங்கு உண்டு. அவர் கேப்டனைப் பார்த்துக் கட்டளையிட்டார்: உடனே தென்னாப்பிரிக்கத் துறைமுகம் ஒன்றுக்குக் கப்பலைக் கொண்டுபோக வேண்டும், அங்கே புதுச் சுக்கான் மாட்டிக்கொள்ளலாம்.

கேட்பதற்கு நியாயமான யோசனைதான். துறைமுகத்தில் தச்சர்கள் இருப்பார்கள், மரம் இருக்கும், பாதுகாப்பு இருக்கும்.

கேப்டன் மூடி முடியாது என்று சொல்லிவிட்டார்.

கடலோடிகளுக்கு இதன் நியாயம் புரியும். திரும்பவே முடியாத கப்பலைப் புயலில் கரைக்கு அருகே கொண்டுபோவதுதான் பெரிய ஆபத்து. ஆழ்கடலில் தள்ளாடும் கப்பலுக்கு இடம் உண்டு. கரையோரத்தில் தள்ளாடும் கப்பலுக்குப் பாறைதான் உண்டு. துறைமுகம் போய்ச் சேர்ந்தாலும் பழுது பார்க்க எத்தனை வாரமாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. பந்தயம் அங்கேயே முடிந்துவிடும்.

ராபர்ட் விடவில்லை. புயலுக்கு நடுவே, மாலுமிகள் கேட்க, வாக்குவாதம் முற்றியது. ஒரு பக்கம் கப்பலின் பங்குதாரர், முதலாளியின் உடன்பிறந்தவர். இன்னொரு பக்கம் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் கேப்டன். கரையில் யார் பேச்சு எடுபடும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கடலில் கப்பலுக்கும் உயிர்களுக்கும் பொறுப்பு கேப்டன் ஒருவருடையது. கேப்டன் மூடி அந்தப் பொறுப்பைக் கைமாற்றித் தரவில்லை. தன் வேலை போகலாம் என்று தெரிந்தே தரவில்லை.

அவர் கப்பல் தச்சர் ஹென்றி ஹென்டர்சனை அழைத்தார்.

நடுக்கடலில், புயலில், புதுச் சுக்கான் ஒன்றைச் செய்து மாட்டப்போகிறோம்.

*

கப்பலில் மாற்றுக்காக வைத்திருந்த நீண்ட பாய்மரக் கட்டை ஒன்று இருந்தது. அதைத் துண்டுகளாக வெட்டினார்கள். சில துண்டுகளைச் சேர்த்தால் சுக்கான் பலகை. இன்னும் சிலவற்றைச் சேர்த்தால் அதைத் தாங்கும் தூண். ஆனால் வெறும் மரம் அலையின் அடியைத் தாங்காது. துண்டுகளைப் பிணைக்க இரும்பு ஆணிகள் வேண்டும், சுக்கான் ஆட வளையங்கள் வேண்டும். கடலில் இரும்புக்கு எங்கே போவது?

வெயிலுக்குத் துணிப்பந்தல் கட்ட நட்டிருந்த இரும்புக் கம்பிகளைப் பிடுங்கினார்கள். அவற்றைக் காய்ச்சி அடிக்கக் கொல்லன் வேண்டும்.

இங்கேதான் விதி ஒரு கை கொடுத்தது. ஷாங்காயில் இரண்டு பேர் திருட்டுத்தனமாகக் கப்பலில் ஏறி ஒளிந்துகொண்டிருந்தார்கள். பிடிபட்டபின் வேறு வழியின்றி அவர்களுக்கும் வேலை கொடுத்து அழைத்து வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் கப்பல் தச்சு அறிந்தவர். மற்றவர் கொல்லர்!

தளத்தின் மீதே உலை மூட்டினார்கள். கப்பல் ஒவ்வொரு அலைக்கும் சாய்ந்து எழுகிறது. தளத்தில் நீர் புரண்டு ஓடுகிறது. அதன் நடுவே செந்தணல். துருத்தி ஊத ஒரு சிறுவனை நிறுத்தினார்கள். அவன் கேப்டனின் சொந்த மகன்.

ஒரு பேரலை தளத்தில் ஏறியது. உலை கவிழ்ந்தது. எரியும் கரி சிறுவனின் நெஞ்சில் கொட்டியது. அந்தத் தழும்பு அவன் வாழ்நாள் முழுக்க மறையவில்லை. தந்தை வேலையை நிறுத்தச் சொல்லவில்லை. உலையை மறுபடி நிமிர்த்தி மூட்டினார்கள்.

பகலும் இரவுமாக வேலை நடந்தது. செய்து முடித்தபின்னும் பாதிக் கிணறுதான் தாண்டியிருந்தார்கள். கனத்த மரச் சுக்கானைக் கப்பலின் பின்புறம் இறக்கி, நீருக்கடியில் சரியான இடத்தில் நிறுத்த வேண்டும். உலர் தளத்தில் நிதானமாகச் செய்யும் வேலை அது. இங்கே கப்பலின் பின்பகுதி ஒவ்வொரு அலையிலும் எகிறி விழுகிறது. மரம் ஒரு முறை தவறி மோதினால் கப்பலின் உடலையே உடைத்துவிடும். சங்கிலிகளை இருபுறமும் கொண்டுபோய் இழுத்துக் கட்டி, எடையால் அமிழ்த்தி, மெல்ல மெல்ல அதை இடத்தில் அமர்த்தினார்கள். சுக்கானின் பின்விளிம்பிலிருந்து வந்த சங்கிலிகளைச் சக்கரத்தோடு இணைத்தார்கள்.

கப்பலின் ஒவ்வொரு மரமும் கேப்டன் மூடிக்கு மனப்பாடம் என்றேன் அல்லவா? எந்த இடத்தில் சங்கிலி தாங்கும், எந்த இடத்தில் தாங்காது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

சுக்கான் போன ஆறாவது நாள் கப்பல் மறுபடி ஓடத் தொடங்கியது.

'தெர்மோபிலே' அதற்குள் கடந்து போயிருந்தது.

*

இனி ஆறாயிரம் மைலுக்கும் மேல் பாக்கி. கையில் இருப்பது பாய்மரக் கட்டையிலும் பந்தல் கம்பியிலும் செய்த சுக்கான். முழுப் பாய் விரித்தால் அது முறியும். குறைவாக விரித்தால் எதிரியைப் பிடிக்க முடியாது. ஒவ்வொரு மணி நேரமும் கேப்டன் மூடி அந்த எல்லையை அளந்து அளந்து ஓட்டினார். நன்னம்பிக்கை முனையைச் சுற்றினார். அட்லான்டிக்கில் ஏறினார்.

செப்டம்பரில் மறுபடி அடி விழுந்தது. சுக்கானைப் பிடித்திருந்த இரும்பு வளையங்கள் அறுந்தன. மறுபடி கப்பலை நிறுத்தி, சுக்கானை மேலே இழுத்து, மிச்சமிருந்த இரும்பைக் கொண்டு பழுது பார்த்து, மறுபடி இறக்கினார்கள். இந்த முறை உலையில் காய்ச்ச இரும்புகூட அரிதாகியிருந்தது. ஹென்டர்சன் அதையும் செய்து முடித்தார்.

அக்டோபர் 11 அன்று 'தெர்மோபிலே' லண்டன் சேர்ந்தது. 115 நாள் பயணம்.

அக்டோபர் 18 அன்று 'கட்டி சார்க்' வந்தது. 122 நாள்.

ஏழு நாள் வித்தியாசம். அதில் ஆறு நாள் சுக்கானே இல்லாமல் கடலில் கிடந்த நாட்கள்! அதற்குப் பிறகு, ஒட்டுச் சுக்கானோடு எட்டு வாரத்துக்கு மேல் ஓடியும், நல்ல சுக்கானோடு ஓடிய உலகின் மிக வேகமான கப்பலிடம் 'கட்டி சார்க்' பெரிதாக எதையும் இழக்கவில்லை. பதிவேட்டில் வெற்றி 'தெர்மோபிலே'யுடையது. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் லண்டன் கப்பல் துறையில் அன்று பேசப்பட்ட பெயர் தோற்ற கப்பலின் பெயர்தான்.

ஒரு கப்பல் மரத்தாலும் துணியாலும் மட்டும் புகழ் பெறுவதில்லை என்பது என் உறுதியான கருத்து. 'கட்டி சார்க்' அன்று சிக்கலின்றி ஓடி ஜெயித்திருந்தால், பட்டியலில் இன்னொரு வேகமான தேயிலைக் கப்பலாக இருந்திருக்கும். ஒரு கேப்டனின் உறுதி, ஒரு தச்சரின் கை, பெயர்கூட நிலைக்காத ஒரு கொல்லரின் சம்மட்டி, ஒரு சிறுவனின் பொறுமை ஆகிய நான்கும் சேர்ந்துதான் அதை வரலாறாக்கின. நன்றாகக் கட்டிய கப்பலை நன்கறிந்த மனிதனிடம் ஒப்படைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

அந்த மனிதனைக் கப்பலால் தக்கவைக்க முடிந்ததா?

இல்லை. நடுக்கடலில் ராபர்ட் வில்லிஸ் நடந்துகொண்ட விதம் கேப்டன் மூடியின் மனதைவிட்டு அகலவில்லை. லண்டனில் இறங்கியதும் அவர் 'கட்டி சார்க்'கை விட்டு விலகி, நீராவிக் கப்பல்களுக்குப் போய்விட்டார். தன் கண் முன்னால் பலகை பலகையாக வளர்ந்த கப்பலுக்கு அவர் மறுபடி தலைவராகவில்லை.

அதன்பின் கேப்டன்கள் மாறினார்கள். மூர் ஒரு பயணம். அடுத்து டிப்டாஃப்ட், அவர் 1878-ல் ஷாங்காயில் இறந்தார். அவருக்குத் துணை அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் வாலஸ் கேப்டனானார். இளைஞர், திறமைசாலி, மாலுமிகளுக்குப் பிடித்தவர். தேயிலை இப்போது நீராவிக் கப்பல்களின் கைக்குப் போய்விட்டதால், கிடைத்த சரக்கையெல்லாம் ஏற்ற வேண்டிய நிலை. 1880-ல் ஜப்பானின் யோகோஹாமாவுக்கு நிலக்கரி ஏற்றிக்கொண்டு 'கட்டி சார்க்' வேல்ஸிலிருந்து கிளம்பியது.

அந்தக் கப்பல் யோகோஹாமாவைச் சேரவே இல்லை. வழியில் ஒரு மாலுமி கொல்லப்பட்டார். கொன்றவர் கப்பலின் முதல் துணை அதிகாரி. அவரை இரவோடு இரவாகத் தப்பவிட்டவர் கேப்டன் வாலஸ். அதன்பின் ஜாவா கடலில் காற்று அடியோடு நின்றது. பாய்கள் அசையாமல் தொங்க, கப்பலில் யாரும் எதிர்பாராத இன்னொன்று நடந்தது.

அடுத்த வாரம், அந்தச் சாபப் பயணம்.

(தொடரும்)